கழற்ற முடியாத லென்ஸ்

"மாமா, எத்தனை எக்ஸ் வாங்கினா போதும்?"

அக்கா மகள் போனில் கேட்ட முதல் கேள்வி இது. எக்ஸ் என்றால் ஜூம் எத்தனை மடங்கு என்பது. படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை எல்லாம் கைபேசியில்தான். இப்போது சொந்தமாக ஒரு கேமரா வேண்டும். லென்ஸ் மாற்றும் வகை வேண்டாம், ஒன்றை வாங்கினால் அடுத்தது, அதற்குப் பிறகு இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உடம்போடு ஒட்டிய ஒரே லென்ஸ், அது நன்றாக ஜூம் ஆக வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. பிரிட்ஜ் கேமரா என்று சொல்வார்களே, அந்த வகை.

அவள் கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் சொல்ல வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை ஒரு மாதத்துக்கும் மேலாக நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது.

என் முதல் கேமரா ஒரு சூப்பர்ஜூம். பெட்டியின் மேல் '50 எக்ஸ்' என்று கட்டை விரல் பருமனில் அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். வாங்கிய அன்று இரவே மாடிக்குப் போய் நிலாவைப் பிடித்தேன். பள்ளங்கள் தெரிந்தன, விளிம்பில் நிழல் விழுந்த மேடுகள் தெரிந்தன. கையில் தொலைநோக்கியே கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாளும் நிலா. அதற்கு மறுநாளும் நிலா. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்பது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதன் முழு அர்த்தம் எட்டாவது இரவில்தான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அந்த 50 எக்ஸை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிலா விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஆசை இருப்பவர்களுக்கு உதவும். வானத்தில் நிலா ஏறக்குறைய அரை டிகிரி அகலம். லென்ஸின் குவியத்தூரத்தை மி.மீ.யில் சொல்வார்கள், எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். 600 மி.மீ.க்கு இணையான ஜூமில் நிலா படத்தின் உயரத்தில் கால்வாசியைக்கூட எட்டாது. 2000 மி.மீ.யில் பாதியைத் தாண்டிவிடும். 3000 மி.மீ.யில் மேலும் கீழும் இடித்துக்கொண்டு நிற்கும். நிலாதான் உங்கள் லட்சியம் என்றால் 24 முதல் 3000 மி.மீ. வரை போகும் நிக்கான் பி 1000ஐ வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். 2018இல் வந்தது, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடை. மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

இந்த எக்ஸ் என்பது வெறும் வகுத்தல். மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறுகியதால் வகுத்தால் வருவது. 24 முதல் 240 வரை போனாலும் 10 எக்ஸ்; 28 முதல் 280 வரை போனாலும் 10 எக்ஸ். எந்தப் பக்கம் எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. ஆனால் படம் எடுப்பவருக்கு அந்த 24க்கும் 28க்கும் உள்ள தூரம் பெரிது. 24இல் மூலைக்கு மூலை 84 டிகிரி விரிந்து பார்க்கும் லென்ஸ், 28இல் 75 டிகிரிதான் பார்க்கும். சின்ன அறைக்குள் எட்டுப் பேரை நிறுத்தி எடுக்கும்போது பின்னால் சுவர் முதுகில் இடிக்கும். அப்போது அந்த ஒன்பது டிகிரியின் அருமை தெரியும். மறுமுனையில் 240க்குப் பதில் 280 கிடைத்தால் என்ன ஆகும்? இரண்டு எட்டு முன்னால் வைத்தால் சரியாகிவிடுகிற விஷயம் அது. முன்னால் நடக்க எப்போதும் வழி இருக்கும், சுவருக்குள் பின்னால் நடக்க முடியாது. ஜூம் கேமராவைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சின்ன எண்ணைத்தான். கடைக்காரர்கள் சொல்வதெல்லாம் பெரிய எண்ணை.

லென்ஸின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இன்னொரு ஜோடி எண் பொடி எழுத்தில் இருக்கும். 4.5–108 என்றோ 8.8–220 என்றோ. பெட்டியில் 25–600 என்றும் 24–600 என்றும் போட்டிருப்பவற்றின் உண்மையான குவியத்தூரம் அதுதான். பெட்டியில் உள்ளது '35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையானது' என்ற மொழிபெயர்ப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லின், அளவைச் சொல்லிவிடும். 108 எப்படி 600 ஆனது? சுமார் ஐந்தரை மடங்கு. அப்படியென்றால் உள்ளே இருப்பது 1/2.3 அங்குலம் என்று அழைக்கப்படும் குட்டிச் சென்சார். 220 எப்படி 600 ஆனது? சுமார் 2.7 மடங்கு. அப்படியென்றால் 1 அங்குலச் சென்சார்.

அங்குலம் என்ற சொல்லைக் கேட்டு அளவுகோலை எடுத்துவிடாதீர்கள். '1 அங்குல' சென்சாரில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை, 13.2க்கு 8.8 மி.மீ. தான். அந்தப் பெயர் பழைய தொலைக்காட்சி கேமராக்களின் கண்ணாடிக் குழாய்க் காலத்தில் இருந்து வருகிறது. குழாயின் வெளி விட்டத்தைச் சொல்வது அன்றைய வழக்கம். குழாய் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. 1/2.3 அங்குலச் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., சுண்டு விரல் நகத்தில் பாதிக்குக்கூட வராது. பரப்பில் பார்த்தால் 1 அங்குலம் அதைவிட நான்கு மடங்கு பெரியது. முழுச்சட்டம் என்கிற 36க்கு 24 மி.மீ. சென்சார், அந்த 1 அங்குலத்தைவிட ஏழு மடங்குக்கும் மேல் பெரியது. படத்தின் தரத்தைப் பற்றிய பேச்சில் பாதி இந்த மூன்று பரப்புகளைப் பற்றிய பேச்சுதான்.

அப்படியானால் எல்லோரும் பெரிய சென்சாரைப் போட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் சோனி, ஆர் 1 என்ற கேமராவில் ஏபிஎஸ்-சி (லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் சென்சார் அளவு) அளவுக்குக் கிட்டத்தட்ட நிகரான சென்சாரை வைத்து, கழற்ற முடியாத 24–120 லென்ஸைப் பொருத்தியது. 5 எக்ஸுக்கே அது ஒரு செங்கல் மாதிரி இருந்தது. சென்சார் பெரிதாகப் பெரிதாக லென்ஸும் பெரிதாகும், அதில் தப்பிக்க வழியில்லை. இந்த வகைக் கேமரா முழுக்க முழுக்க ஒரு பேரம்: சென்சாரைச் சிறிதாக்கு, தூரத்தைத் தருகிறேன்.

இந்தப் பேரத்தை நான் மிக அழகாகப் புரிந்துகொண்டது அபர்ச்சர் கணக்கில். அபர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. எஃப் எண் என்பது குவியத்தூரத்தை அந்தத் துளையின் விட்டத்தால் வகுத்தது; எண் சிறியதென்றால் வெளிச்சம் அதிகம். முழுச்சட்ட கேமராவுக்கு 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் வேண்டுமென்றால் 150 மி.மீ. அகலத்துக்கு வாய் வேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டை முன்னால் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். 2012இல் பானாசோனிக், எஃப்இசட் 200 என்றொரு கேமராவைக் கொண்டுவந்தது. 25இல் தொடங்கி 600 வரை முழு நீளத்துக்கும் எஃப் 2.8. கேட்டவர்கள் நம்பவில்லை. ஆனால் உள்ளே உண்மையில் இருப்பது 108 மி.மீ. தானே? 108ஐ 2.8ஆல் வகுத்தால் 39 மி.மீ.க்கும் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கும் துளை. மந்திரமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. சென்சார் சிறியது என்பதால் நடந்தது.

என் 50 எக்ஸ் கேமராவில் இந்தச் சலுகையும் இல்லை. அகலப் பக்கம் எஃப் 3.4, நீளப் பக்கம் எஃப் 6.5. வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணைக் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை. பகலில் எல்லாம் சுகமாகத்தான் போனது. ஒரு மாலை, உறவினர் குழந்தை மேடையில் ஆடுகிறாள், நான் பின் வரிசையில். என்னிடம்தான் பெரிய கேமரா இருக்கிறதே என்று மற்றவர்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டார்கள். முழு ஜூம். எஃப் 6.5. எஃப் 2.8உடன் ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட உள்ளே வராது. கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 3200க்கு ஏற்றிவிட்டு ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கியது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் நீர்வண்ணத்தில் தீட்டியது போல ஒரு குழந்தை, நான்கு கைகளோடு. அவளுடைய அம்மா இன்றுவரை அந்தப் படங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. மேடையின் திரைச்சீலை துல்லியமாக விழுந்திருந்தது. அந்த வசதி என் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆடுகிறவளின் கையை அது நிறுத்தாது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே அக்கா மகளுக்கு நான் முதலில் எழுதி அனுப்பியது இது: பெரிய எண் எதுவாக இருந்தாலும், அந்த முனையில் எஃப் எவ்வளவு என்று பார். 2.8 என்றால் வாய்விட்டுச் சிரி. 4 என்றால் சந்தோஷப்படு. 5.6 என்றால் பகல் கேமரா. 8 என்றால் நல்ல வெயில் வேண்டும். அந்த எட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. துளை சிறுக்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவும். குட்டிச் சென்சாரின் நெருக்கமான புள்ளிகளுக்கு எஃப் 8இலேயே அந்தப் பரவல் கூர்மையைத் தின்ன ஆரம்பித்துவிடும். பெரிய கேமராக்காரர்கள் 'இயற்கைக் காட்சிக்கு எஃப் 11 வை' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, அகலக் கோணத்திலும் நான் துளையை முடிந்த மட்டும் சுருக்கி வைத்து மாதக்கணக்கில் மந்தமான படங்களாக எடுத்துத் தள்ளியிருக்கிறேன். 1/2.3 அங்குலத்துக்கு எஃப் 4ஐ ஒட்டி நிற்பதே நல்லது.

கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் அடுத்த விஷயம், பின்னணி மங்கல். முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் வெண்ணெய் போலக் கரைந்த படங்கள். குட்டிச் சென்சாரில் எஃப் 2.8 வைத்தாலும், மங்கலைப் பொறுத்தவரை அது முழுச்சட்டத்தில் எஃப் 16 வைத்ததற்குச் சமம். 1 அங்குலத்தில் எஃப் 2.8 என்பது ஏறக்குறைய எஃப் 7.6. வெளிச்சத்துக்கு 2.8 தான், அதில் குறையில்லை. மங்கலுக்குத்தான் இந்தக் கழிவு. இது தெரிந்ததும் முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு வேறு வழியில்லாமல் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று: ஆளைப் பின்சுவரில் இருந்து பத்தடி முன்னால் கொண்டுவா, நீ தூரம் போய் ஜூமை நீட்டு, ஆளின் முகத்தைச் சட்டம் நிறைய வை. கரைகிறது. முழுவதும் வெண்ணெயாகாது, ஆனால் கரைகிறது. பெரிய சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் வைத்திருந்த நண்பர் ஒருவர், ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு மங்கல் ஏன் வரவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த அற்பச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

1 அங்குலப் பக்கம் வருகிறேன். என்னைக் கேட்டால், கற்றுக்கொள்கிறவருக்கு இந்தப் பேரத்தில் நியாயமான விலை அங்கேதான் படிகிறது. 2013இல் சோனி ஆர்எக்ஸ் 10ஐக் கொண்டுவந்தது: 24–200, முழுக்க எஃப் 2.8. மறு வருடமே பானாசோனிக் எஃப்இசட் 1000: 25–400, எஃப் 2.8இல் தொடங்கி 4இல் முடியும். 2016இல் ஆர்எக்ஸ் 10இன் மூன்றாம் பதிப்பு 24–600க்கு நீண்டது, எஃப் 2.4 முதல் 4 வரை. 2017இன் நான்காம் பதிப்பு அதே லென்ஸோடு வேகமான ஃபோகஸைச் சேர்த்தது. எடை ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. சட்டைப்பையில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு அதே அளவு சென்சாரோடு ஆர்எக்ஸ் 100 வரிசை. அதன் ஆறாம், ஏழாம் பதிப்புகள் 24–200 வரை போகும், 2018, 2019இல் வந்தவை.

200 போதுமா, 400 வேண்டுமா, 600 வேண்டுமா? பறவை என்று ஒரு சொல் உங்கள் வாயில் வந்தால் 400க்குக் கீழே பேச வேண்டாம். வராவிட்டால் 200 தாராளம். 600க்கு மேல் போகும்போது கேமராவைத் தவிர மற்றதெல்லாம் எதிரியாகிவிடும். வெயில் ஏறிய தரையின் மேல் காற்று கொதிநீர் ஆவி போல நெளியும். அந்த நெளிவையும் சேர்த்துத்தான் ஜூம் பெரிதாக்கும். எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. அப்புறம் பறவையைக் கண்டுபிடிப்பது. 600இல் பார்வை நாலு டிகிரிதான். 2000இல் ஒன்றே கால் டிகிரி. கண்ணெதிரே கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, கேமராவைக் கண்ணில் வைத்ததும் காணாமல் போய்விடும். எங்கு திருப்பினாலும் இலை, இலை, வானம், இலை. ஜூமைச் சுருக்கி, பறவையை நடுவில் நிறுத்தி, பிறகு நீட்ட வேண்டும். சில கேமராக்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு, அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகச் சுருங்கும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். எக்ஸ் எண்ணைவிட அந்தப் பொத்தான் எனக்கு அதிகப் பறவைகளைக் கொடுத்திருக்கிறது.

பொத்தான் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. கற்றுக்கொள்கிற ஒருவர் கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது செய்ய வேண்டிய முதல் சோதனை: மெனுவுக்குள் போகாமல் அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, வெளிச்ச ஈடு (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) நான்கையும் மாற்ற முடிகிறதா? என் முதல் கேமராவில் ஒரே ஒரு சக்கரம். மேனுவல் முறையில் அபர்ச்சரை மாற்ற அதைத் திருப்ப வேண்டும், ஷட்டருக்கு ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அதையே திருப்ப வேண்டும். எது எங்கே நிற்கிறது என்று யோசிப்பதற்குள் பார்த்த முகம் வேறு முகமாகிவிடும். அலுத்துப்போய் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வருடம் ஆட்டோவிலேயே கழிந்தது. அந்த வருடத்தில் நான் எதையும் கற்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இரண்டு சக்கரம் இருந்தால் விரல் தானாகப் பழகிக்கொள்ளும்.

வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல், கட்டாயம். கைகளை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு 400 மி.மீ.யில் படம் எடுப்பது நூலில் தொங்கும் ஊசியில் நூல் கோர்ப்பது போல. கேமரா நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டி நின்றால்தான் உறுதி. ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே, பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) வேண்டுமா என்றால், இன்றைக்கு வேண்டாம், அடுத்த வருடம் வேண்டும். அதனால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2015இல் வந்த நிக்கான் பி 900 ரா எழுதாது. 2020இன் பி 950 எழுதும். பெயர்களில் ஐம்பதுதான் வித்தியாசம். டிஜிட்டல் ஜூம் என்று எழுதியிருப்பதைப் படிக்காமலே தாண்டலாம். அது கத்தரிக்கோல், லென்ஸ் இல்லை.

மோட்டார் ஜூமா, கையால் திருப்பும் வளையமா என்பதில் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு. 2011இல் ஃபுஜிஃபிலிம் எக்ஸ் 10 என்ற சின்ன கேமராவில் ஜூமைக் கையால் திருப்பும்படி வைத்தார்கள். லென்ஸைத் திருப்பினாலே கேமரா விழித்துக்கொள்ளும். திருப்பும் கைக்கு 28 எங்கே, 50 எங்கே என்று தெரியும். மோட்டார் ஜூமில் அந்த ஞாபகம் விரலில் தங்காது. நெம்புகோலைத் தள்ளினால் 'உய்ங்' என்று எங்கோ போய் நிற்கும். அதைவிட மோசம், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தூங்கிப்போகும். எழுப்பும்போது ஜூம் மறுபடி ஆரம்ப இடத்துக்கு வந்திருக்கும்.

இதற்கு ஒரு மருந்து பல கேமராக்களின் மெனுவில் ஒளிந்திருக்கிறது. படிப்படி ஜூம் என்று ஓர் அமைப்பு. அதைப் போட்டுவிட்டால் ஜூம் வழுக்கிக்கொண்டு போகாமல் 24, 28, 35, 50, 70, 100 என்று படிக்கட்டில் ஏறும். அது கண்ணில் பட்ட அன்றுதான் எனக்குக் குவியத்தூரம் என்பது பாடமாகத் தொடங்கியது. ஒரு வாரம் 35ஐத் தாண்டக் கூடாது. அடுத்த வாரம் 50இலேயே நிற்க வேண்டும். மூன்றாம் வாரம் 100. ஒரே முகத்தை 24இல் அருகே போய் எடுத்தால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் ஓடுகிறது. 100இல் தள்ளி நின்று எடுத்தால் முகம் முகமாக இருக்கிறது. இதைச் செய்தது லென்ஸ் இல்லை, நான் நின்ற இடம். ஜூமை நின்ற இடத்தில் இருந்து எட்டிப் பிடிக்கும் கொக்கியாகவே அதுவரை வைத்திருந்தேன். எங்கே நிற்பது என்று முதலில் முடிவு செய்து, பிறகு எவ்வளவு வெட்டுவது என்று ஜூமிடம் கேட்க வேண்டும் என்பது அந்த மூன்று வாரத்தில் பிடிபட்டது. லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்பவர் இதைக் கற்க மூன்று லென்ஸ் சுமக்க வேண்டும். எனக்கு ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது.

அதே சமயத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எந்தக் குவியத்தூரத்தில், எந்த அபர்ச்சரில், எந்த வேகத்தில் எடுத்தோம் என்று கேமரா எழுதி வைத்திருக்கும். ஒரு வருடப் படங்களை எடுத்து, எனக்குப் பிடித்தவற்றை மட்டும் தனியாக வைத்து, எண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எடுத்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் இருந்தன: ஒன்று 24, இல்லாவிட்டால் முட்டுகிற வரைக்கும் ஜூம். நடுவில் பாலைவனம். பிடித்தவையோ பாதிக்கு மேல் அந்தப் பாலைவனத்தில் இருந்து வந்திருந்தன, 35க்கும் 120க்கும் நடுவே. 50 எக்ஸுக்காக வாங்கிய கேமராவில் எனக்குப் பிடித்ததெல்லாம் 5 எக்ஸுக்குள் முடிந்துவிட்டது. என் அடுத்த கேமராவை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வகையில் இப்போது புதிதாக வருபவை மிகக் குறைவு. 2010இல் ஜப்பானிய கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடி. 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே. காணாமல் போனவற்றில் மிகப் பெரும்பான்மை லென்ஸ் கழற்ற முடியாத வகை. கைபேசி விழுங்கிவிட்டது. நான் மேலே சொன்னவற்றில் பல பழைய சரக்காகத்தான் கிடைக்கும். பழையது வாங்குவதில் தவறில்லை, ஆனால் இந்த வகையில் லென்ஸ் போனால் கேமராவும் போச்சு என்பதை மறக்கக் கூடாது. தூசி சென்சாருக்குள் வராது என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. நீண்டு சுருங்கும் குழாய் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது, துருத்தி மாதிரி. உள்ளே போன தூசியைத் துடைக்க நம்மால் கழற்ற முடியாது.

நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். விற்றவர் படங்களைக் காட்டினார், எல்லாம் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் நீள முனையில் படத்தின் இடது பக்கம் மட்டும் எப்போதும் கலங்கல். எங்கோ விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது. அவர் காட்டியதெல்லாம் அகல முனையில் எடுத்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் சொல்வது: ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு மூன்று முறை ஜூம் செய், காதை வைத்துக் கேள், எங்காவது தயங்குகிறதா, கரகரக்கிறதா. செங்கல் சுவருக்கு நேரே நின்று இரு முனையிலும் ஒவ்வொரு படம் எடு, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார். பிறகு துளையை முடிந்த மட்டும் சுருக்கி வெறும் வானத்தை எடு. கறுப்புப் பொட்டு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. கடைசியாகச் சக்கரத்தைத் திருப்பிப் பார், இரண்டு சொடுக்குக்கு ஒரு முறைதான் எண் மாறினால் தேய்ந்துவிட்டது.

இவ்வளவையும் அக்கா மகளுக்குச் சொன்னேனா என்றால் இல்லை. பாதியிலேயே "மாமா, ஒண்ணு சொல்லுங்க, வாங்கிடறேன்" என்றாள். எனக்கும் அப்படி ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. அவள் எதை எடுக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாதபோது நான் யார்? பரணில் கிடந்த அந்த 50 எக்ஸ் பழசை எடுத்து, பேட்டரியை ஏற்றி அனுப்பினேன். ஒரு மாதம் வைத்துக்கொள், எதை வேண்டுமானாலும் எடு, மாதக் கடைசியில் பிடித்த நூறு படங்களின் எண்களை மட்டும் அனுப்பு, பிறகு பேசலாம் என்றேன். மனத்துக்குள் ஒரு பந்தயமும் கட்டியிருந்தேன்: 35க்கும் 120க்கும் நடுவே வரும், எஃப்இசட் 1000 வகையில் ஒன்றைச் சொல்லிவிடலாம்.

பட்டியல் நேற்று வந்தது. 24, 24, 24, 24, 26, 24. நூறில் எண்பதுக்கு மேல் அகலமுனை. ஜூமைத் தொட்டதாகவே தெரியவில்லை. சரி, கைபேசிப் பழக்கம் போகவில்லை, அறையையும் தெருவையும் எடுத்துத் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படங்களையும் அனுப்பச் சொன்னேன்.

எறும்பு. ஜன்னல் சட்டத்தில் போகும் எறும்பு வரிசை, இலையின் அடியில் ஒட்டியிருந்த முட்டைகள், குழாய் முனையில் தொங்கும் நீர்த்துளிக்குள் தலைகீழாகத் தெரியும் சமையலறை, ஒரு ஈயின் கால். அகலமுனையில் லென்ஸின் கண்ணாடி பொருளைத் தொடும் அளவுக்குப் போய் எடுத்திருக்கிறாள். என் பழைய கேமரா அவ்வளவு அருகே ஃபோகஸ் செய்யும் என்பது கையேட்டில் இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் முயன்றதில்லை. நான் குறையென்று திட்டிக்கொண்டிருந்த குட்டிச் சென்சார், எறும்பின் தலை முதல் பின்கால் வரை தெளிவாகக் காட்டியிருந்தது. பெரிய சென்சாராக இருந்தால் மீசை மட்டும் தெரிந்து மீதி கரைந்திருக்கும்.

ராத்திரி உட்கார்ந்து என் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: எவ்வளவு அருகே? எஃப்இசட் 200, அகலமுனையில் 1 செ.மீ. எஃப்இசட் 1000, 3 செ.மீ. ஆர்எக்ஸ் 10இன் மூன்றும் நான்கும் அகலமுனையில் 3 செ.மீ., 600 மி.மீ.யிலேயே 72 செ.மீ. வரை நெருங்கும், பட்டாம்பூச்சியை விரட்டாமல் எடுக்கலாம். பி 1000 அகலத்தில் 1 செ.மீ., முழு ஜூமில் ஏழு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும்.

காலையில் அவளே கூப்பிட்டாள். "மாமா, இந்தக் கேமரா கொஞ்சம் முன்னாடி போனா நிழல் விழுது. அதுக்கு என்ன பண்றது?"

எத்தனை எக்ஸ் என்று கேட்கவில்லை. வெள்ளைத் தாளை மடக்கி எறும்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து வெளிச்சத்தைத் திருப்பிப் பார் என்றேன். புதுக் கேமராவைப் பற்றிய பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.